குழந்தையின் மல மாதிரி: ஃப்ரிட்ஜா, ஃபார்மலினா, ஐஸ் பெட்டியா?

கேள்வி: ஐயா, தொண்டி பக்கம் கடற்கரைக் கிராமங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய ஆய்வகத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மல மாதிரிகளைக் கிராம சுகாதார செவிலியர்கள் வாரத்தில் இரண்டு நாள் கொண்டுவந்து தருகிறார்கள். வீட்டில் காலை 6 மணிக்கு எடுத்தது என் கைக்கு வர 11 ஆகிவிடும். ரத்தப் பரிசோதனைகளை முடித்துவிட்டு ஸ்லைடு போடும்போது பிற்பகல் 1 மணி. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பார்க்கிறேன். ஃப்ரீசரில் வைத்தால் கெடாது என்று ஒருவர் சொன்னதால் சிலவற்றை அங்கேயும் வைத்தேன். கல்ச்சருக்கு உரியதை மீன் கம்பெனி ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் பஸ்ஸில் ராமநாதபுரத்துக்கு அனுப்புகிறோம். சளியும் ரத்தமுமாகப் போகிற குழந்தைக்குக்கூட ‘எதுவும் இல்லை’ என்றே முடிவு வருகிறது. டாக்டர் என்னைக் கேட்கிறார். ஃப்ரிட்ஜா, ஃபார்மலினா, எது சரி? அடுத்து ஓர் ஆராய்ச்சித் திட்டத்துக்கு பி.சி.ஆர். செய்ய மாதிரிகளைச் சேமித்துத் தரவும் கேட்டிருக்கிறார்கள். அதற்கு என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

காலை 6 மணிக்குப் போன மலம், பிற்பகல் 1 மணிக்கு ஸ்லைடு. உங்கள் டாக்டரின் கேள்விக்குப் பதில் இந்த ஏழு மணி நேரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் மைக்ராஸ்கோப்பில் சரியாகத்தான் பார்த்திருப்பீர்கள். பார்க்க வேண்டியது அதற்குள் செத்துக் கரைந்திருக்கும். கணக்கு வைக்க வேண்டியது டப்பா உங்கள் மேஜைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, குழந்தை மலம் போன நேரத்திலிருந்து.

ஃப்ரிட்ஜா, ஃபார்மலினா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் எதைத் தேடுகிறோம் என்று முடிவாக வேண்டும். அமீபா நகர்வதைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர் ஆகாது. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாவைக் கல்ச்சரில் வளர்க்க வேண்டுமென்றால் குளிர் வேண்டும். புழு முட்டைக்கும் சிஸ்ட்டுக்கும் (அமீபா போன்றவை ஓடு கட்டி உறங்கும் வடிவம்) ஃபார்மலின் மிக நல்லது, அதே ஃபார்மலின் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆரைக் கெடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிற ஒரு டப்பா கிடையாது. அதனால் மலத்தை எடுத்த கையோடு பங்கு பிரித்துவிட வேண்டும். மற்ற விவரமெல்லாம் இதை ஒட்டியதுதான்.

முதலில் சீதபேதிக் குழந்தையின் மலத்தை எடுத்துக்கொள்வோம். சளியும் ரத்தமும் உள்ள மலத்தில் தேட வேண்டியது அமீபாவின் உயிருள்ள வடிவமான டிரோபோசாய்ட். சூடு ஆறாத மலத்தில் ஒரு துளி சலைன் வைத்துப் பார்த்தால், கண்ணாடி போன்ற ஒரு விரல் முன்னே நீள்வதும், உடல் முழுவதும் அதற்குள் வழிந்து நகர்வதும், உள்ளே விழுங்கிய ரத்தச் சிவப்பணுக்கள் உருள்வதும் தெரியும். அரை மணி நேரம் தாண்டினால் அது நகர்வதை நிறுத்துகிறது, உருண்டையாகச் சுருங்குகிறது, உள்ளே குருணை குருணையாகிறது. அந்த நிலையில் அதையும் குடல் அழற்சியில் வருகிற பெரிய வெள்ளணுவையும் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். இன்னும் சில மணி நேரம் போனால் உருண்டையும் இருக்காது. பேதி உண்டாக்கும் இன்னொரு ஒற்றைச் செல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவின் டிரோபோசாய்ட்டுக்கும் இதே கதிதான்.

ஆகவே நீர்போல் போன மலத்தை 30 நிமிடத்துக்குள், கூழ்போல் இருப்பதை ஒரு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். கெட்டியான மலத்தில் டிரோபோசாய்ட் அநேகமாக இருக்காது. சிஸ்ட்டும் முட்டையும்தான் இருக்கும் என்பதால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் பார்த்தால் போதும். மூன்றையும் ஒரே தட்டில் அடுக்கி வைக்காதீர்கள். வந்தவுடன் மூடியைத் திறந்து பார்த்து, நீர்த்ததையும் ரத்தம் கலந்ததையும் முதலில் எடுங்கள். ரத்தப் பரிசோதனை ட்யூப் அரை மணி நேரம் காத்திருக்கும், இது காத்திருக்காது. ஸ்லைடில் சலைன் முதலில், அயோடின் பிறகு. அயோடின் பட்டால் நகர்வு நின்றுவிடும்.

நீர்மலத்தை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் பார்த்து ‘அமீபா இல்லை’ என்று எழுதுவது குழந்தைக்குச் செய்கிற அநியாயம். குளிரில் டிரோபோசாய்ட் உடைந்துபோகும். ஃப்ரீசர் அதைவிட மோசம். உறையும்போது பனிக்கட்டித் துகள்கள் சிஸ்ட்டையும் முட்டையையும் கிழித்துவிடும். உருகிய பின் பார்த்தால் உருவம் சிதைந்த கந்தல்தான் மிஞ்சும். மைக்ராஸ்கோப்புக்கு உரிய மலம் ஃப்ரீசருக்குள் போகவே கூடாது. ஃப்ரீசர், கிருமியின் புரதத்தைத் தேடும் சில ஆன்டிஜென் பரிசோதனைகளுக்கும் பி.சி.ஆருக்கும் மட்டும்.

அப்படியானால் வெளியிலேயே வைத்துவிடலாமா என்றால், நம் ஊர் வெயிலில் அதற்கும் வழியில்லை. கொக்கிப்புழு முட்டை, மலம் வெளியே வரும்போது உள்ளே நான்கைந்து செல்களோடு மெல்லிய ஓட்டில் இருக்கும். வெப்பத்தில் மளமளவென்று பிரிந்து, ஒரு நாளில் உள்ளே குட்டிப்புழு உருவாகி, ஓட்டை உடைத்து வெளியே வந்துவிடும். மறுநாள் ஸ்லைடில் நெளிகிற லார்வாவைப் பார்த்து ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற வேறொரு குடற்புழு என்று எழுதிவிடுகிற தவறு இங்கேதான் நடக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் மட்டும்தான் புதிய மலத்திலேயே லார்வாவாக வரும். வாய்க்குழி நீளமாக இருந்தால் கொக்கிப்புழு, குட்டையாக இருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். பிழைக்கு இடமில்லாத வழி, லார்வா பொரிக்கும் முன்பே ஃபார்மலினில் போட்டுவிடுவது. ஸ்ட்ராங்கிலாய்டிஸையே வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கேட்டால், அந்த மலம் ஃபார்மலினும் படாமல் ஃப்ரிட்ஜும் காணாமல் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும்.

இப்போது பங்கு பிரிக்கும் விஷயம். செவிலியர் பையில் ஒரு குழந்தைக்கு நான்கு பாத்திரம் இருக்கட்டும்: எதுவும் ஊற்றாத, அகன்ற வாயுள்ள திருகுமூடி டப்பா ஒன்று, கோடு வரை ஃபார்மலின் ஊற்றியது ஒன்று, பாக்டீரியாவை வழியில் சாகாமல் காக்கும் கேரி பிளேர் ஊடகம் உள்ள ட்யூப் ஒன்று, பி.சி.ஆர். திட்டம் தொடங்கிய பின் உறைகுளிரைத் தாங்கும் சிறிய கிரையோ குப்பி ஒன்று. எல்லாக் குழந்தைக்கும் நான்கும் நிரப்ப வேண்டியதில்லை. ரத்தபேதியோ நீர்ப்பேதியோ இருந்தால்தான் கேரி பிளேர். வளர்ச்சி குன்றியிருக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது என்று அனுப்பிய குழந்தைக்கு முதல் இரண்டும் போதும்.

வீட்டில் எடுக்கும் முறையைத் தாய்மாருக்குச் செவிலியர் ஒரு தடவை செய்து காட்டினாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். கடலோரத்தில் குழந்தைகள் மணலில் உட்கார்ந்துவிடும். மணலில் தானாக வாழ்கிற நுண்புழுக்கள் மலத்தோடு ஒட்டி வந்து லார்வா போலவே நெளியும். பழைய செய்தித்தாளின் மேல் சுத்தமான பாலித்தீன் தாள் விரித்து அதில் போகச் செய்யுங்கள். சிறுநீர் கலந்தால் டிரோபோசாய்ட் செத்துவிடும், அதனால் முதலில் சிறுநீர் கழிக்க வைத்துவிட்டு உட்கார வைக்கச் சொல்லுங்கள். கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. டயப்பர் போடுகிற குழந்தை என்றால் டயப்பரின் உள்பக்கம் பாலித்தீன் தாளை வைத்துக் கட்ட வேண்டும். ஜெல் உறிஞ்சிய பிறகு மிஞ்சும் திப்பியைச் சுரண்டி அனுப்பினால் அதில் பார்க்க ஒன்றும் இருக்காது. தீப்பெட்டி, தைல டப்பா, ஊறுகாய் பாட்டில் எதையும் ஏற்காதீர்கள். சோப்பு போட்டுக் கழுவி ஈரத்தோடு தந்த பாட்டிலும் வேண்டாம்.

அளவு, கெட்டியானால் ஒரு கொட்டைப்பாக்கு, நீர்த்ததானால் 5 முதல் 10 மி.லி. டப்பாவை நிரப்பிவிடக் கூடாது. வெயிலில் புளித்து வாயு சேர்ந்து, திறக்கும்போது முகத்தில் தெறிக்கும். சளி, ரத்தம் உள்ள இடத்தைத் தேடி எடுக்க வேண்டும், மேல் பகுதியில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். வயிறு சுத்தமாகட்டும் என்று முந்தின இரவு விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால் ஸ்லைடு முழுக்க எண்ணெய்க் குமிழிதான் தெரியும். அந்த மாதிரியை விட்டுவிட்டு சில நாள் கழித்து எடுக்கச் சொல்லுங்கள்.

பெயரை மூடியில் எழுதாதீர்கள். நான்கைந்து டப்பாவை ஒன்றாகத் திறந்தால் மூடி மாறிப்போகும். டப்பாவின் உடலில் லேபிள் ஒட்டி, குழந்தையின் பெயர், வயது, தேதி, மலம் போன நேரம் நான்கையும் எழுத வேண்டும், அதுவும் பென்சிலால். பேனா மையும் மார்க்கர் மையும் ஆல்கஹால் பட்டால் ஓடிவிடும்.

ஃபார்மலினைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். கடையில் வாங்குகிற ஃபார்மால்டிஹைடு கரைசல் 37 முதல் 40 சதவீதம். அதில் 100 மி.லி. எடுத்து 900 மி.லி. சலைனில் கலந்தால் அதுதான் நாம் சொல்லும் 10 சதவீத ஃபார்மலின். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் ஃபார்மால்டிஹைடு கெட்டித்துப் போய்விட்டது, கரைசலின் வலு குறைந்திருக்கும் என்று பொருள். அதைப் பயன்படுத்த வேண்டாம். ஒரு பங்கு மலத்துக்கு மூன்று பங்கு ஃபார்மலின். 20 மி.லி. டப்பாவில் 9 மி.லி. ஊற்றி ஒரு கோடும், 12 மி.லி. அளவில் இன்னொரு கோடும் போட்டுக் கொடுங்கள். மலம் சேர்ந்ததும் திரவம் இரண்டாவது கோட்டைத் தொட்டால் அளவு சரி.

இங்கே பெரும்பாலும் நடக்கும் தவறு, கட்டியை அப்படியே போட்டு மூடிவிடுவது. வெளிப்பக்கம் பதப்பட்டு, நடுப்பகுதி அழுகிக்கொண்டே இருக்கும். குச்சியால் உடைத்துக் கரைத்து, மூடியைத் திருகி, நன்றாகக் குலுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குப் பின் அது எத்தனை மாதம் ஆனாலும் அலமாரியில் இருக்கலாம், குளிர் வேண்டாம். அந்த மலத்தை உங்கள் வசதிப்படி வாரக் கடைசியில் ஒன்றாக எடுத்து ஃபார்மால் ஈதர் முறையில் திரட்டிப் பாருங்கள்: வடிகட்டியது 7 மி.லி., ஈதருக்குப் பதில் எத்தில் அசிடேட் 3 மி.லி., மூடிக் குலுக்கி சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் நான்கு அடுக்காகப் பிரியும், அடியில் இருக்கும் துளிதான் வேண்டியது. நேரடி ஸ்லைடில் தப்பிப்போகிற ஜியார்டியா சிஸ்ட்டும் கொக்கிப்புழு முட்டையும் இதில் அகப்படும். அதே படிவிலிருந்து இன்னொரு ஸ்லைடு போட்டு, திருத்திய ஆசிட் ஃபாஸ்ட் சாயம் ஏற்றினால் 4 முதல் 6 மைக்ரான் அளவில் சிவந்த கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி தெரியும். கைக்குழந்தைகளின் விடாத பேதிக்கு அது பெரிய காரணம். 2013-ல் வெளியான, கொல்கத்தாவும் ஒரு களமாக இருந்த ஜெம்ஸ் என்ற பன்னாட்டு ஆய்வில், கடும் பேதிக்குக் காரணமானவற்றில் ரோட்டா வைரஸோடும் ஷிகெல்லாவோடும் முன்வரிசையில் வந்தது இந்தக் கிருமிதான். சாதாரண அயோடின் ஸ்லைடில் அது கண்ணுக்குப் படாது. கேட்டால்தான் செய்வார்கள், ஆகவே டாக்டரிடம் சொல்லி 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு வழக்கமாகவே கேட்க வையுங்கள்.

ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் அந்தப் பாட்டிலை இரவு முழுக்க விட்டுவிட்டு வரக் கூடாது. தாய் காலி டப்பாவில் எடுத்துத் தர, செவிலியர் கையுறை போட்டு மாற்றுவதுதான் முறை. இன்னொன்று, ஃபார்மலினில் கிடந்தாலும் உருண்டைப்புழு முட்டை நெடுநாள் உயிரோடு இருக்கும். பதப்பட்ட மலம்தானே என்று வெறுங்கையால் தொடாதீர்கள். முட்டை எண்ணிக்கை பார்க்கிற கேட்டோ காட்ஸ் முறைக்கு மட்டும் ஃபார்மலின் மலம் உதவாது. அது புதிய மலத்தில்தான் செய்ய வேண்டும், கிளிசரினில் கொக்கிப்புழு முட்டை மறைந்துபோவதால் ஸ்லைடை ஒரு மணி நேரத்துக்குள் எண்ணிவிடவும் வேண்டும்.

கல்ச்சரில் எதுவும் வளராததற்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. மலம் ஊடகம் இல்லாமல் டப்பாவோடு போகிறது. வெளியே வந்த மலம் நேரம் ஆக ஆகப் புளிக்கும், அந்தப் புளிப்பில் ஷிகெல்லா வேகமாகச் சாகும். 2 மணி நேரத்துக்குள் கேரி பிளேர் ஊடகத்துக்கு மாற்ற வேண்டும். கிராமத்திலேயே செவிலியர் செய்ய வேண்டிய வேலை இது. பஞ்சுக் குச்சியை ரத்தமும் சளியும் உள்ள இடத்தில் சுழற்றி நனைத்து, ட்யூபின் அடிவரை இறக்கி, மேலே துருத்தும் கம்பை ஒடித்து, மூடியை இறுக்க வேண்டும். காய்ந்து சுருங்கிய ஊடகம், நிறம் மாறிய ஊடகம் வேண்டாம். முதல் வேளை ஆன்டிபயாட்டிக் உள்ளே போகும் முன் எடுத்ததாக இருக்க வேண்டும். மெடிக்கலில் வாங்கிக் கொடுத்த பேதி சிரப்பைப் பற்றித் தாய் தானாகச் சொல்ல மாட்டார், கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் மாதிரிக்காக ஓ.ஆர்.எஸ். காத்திருக்கவே கூடாது. குழந்தை வாடியிருந்தால் முதலில் கரைசல், பிறகு டப்பா.

கடலோர ஊர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நண்டு, கணவாய், சரியாக வேகாத மீன் சாப்பிட்ட வீட்டில் பேதி வந்தால் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் நினைவுக்கு வர வேண்டும். 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாகக் காய வைத்த மீன்குஞ்சைத் தின்று பலர் நோயுற்றபோது ஃபுஜினோ என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த கிருமி இது. வழக்கமான கல்ச்சர் தட்டில் இதைத் தனித்துக் கவனிக்க மாட்டார்கள். விப்ரியோ வகைகளுக்கென்றே உள்ள டி.சி.பி.எஸ். தட்டில் இது பச்சையாக வளரும், காலரா கிருமி மஞ்சளாக வளரும். படிவத்தில் ‘கடல் உணவு சாப்பிட்டது, டி.சி.பி.எஸ். போடவும்’ என்று ஒரு வரி எழுதினால்தான் அந்தத் தட்டு எடுக்கப்படும்.

இனி ஐஸ். கேரி பிளேரில் உள்ள ஷிகெல்லாவும், பேதி உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான காம்பைலோபாக்டரும் 2 முதல் 8 டிகிரியில் நன்றாக இருக்கும், 2 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். விப்ரியோவுக்கு ஐஸ் வேண்டாம். நிழலில், சாதாரண அறை வெப்பத்தில் அது தாக்குப்பிடிக்கும். எதுவென்று தெரியாத நீர்ப்பேதியில் இரண்டு குச்சி எடுத்து, ஒன்றைக் குளிரிலும் ஒன்றை வெளியிலும் அனுப்புங்கள். செலவு ஒரு ட்யூப்தான்.

மீன் கம்பெனி ஐஸைப் பயன்படுத்துவதில் தவறில்லை, அதை நேராக டப்பாவின் மேல் கொட்டுவதுதான் தவறு. உருகிய தண்ணீர் மூடி வழியே இறங்கும், லேபிளை உரித்துவிடும். உடைத்த ஐஸை இரண்டு பாலித்தீன் பைகளில் கட்டி அடியிலும் பக்கத்திலும் வைத்து, நடுவில் அட்டை கொடுத்து, டப்பாக்களை நிமிர்த்தி நிறுத்துங்கள். ஐஸில் உப்புச் சேர்ந்திருக்கக் கூடாது. வெறும் ஐஸ் 0 டிகிரியில் உருகும், உப்பு கலந்தால் வெப்பநிலை அதற்குக் கீழே வெகுதூரம் இறங்கி மலம் உறைந்துபோகும். மீன் வாடியில் வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு டப்பாவையும் உறிஞ்சும் பஞ்சோடு ஜிப் பையில் போட்டு, பிறகு பெட்டியில் வைக்க வேண்டும். படிவங்கள் தனி உறையில், மூடியின் உள்பக்கம். ஃபார்மலின் டப்பாக்களை இந்தப் பெட்டியில் சேர்க்காதீர்கள், ஒன்று கசிந்தால் கல்ச்சர் குச்சிகளை அது கொன்றுவிடும். அவற்றுக்கு அவசரமும் இல்லை. பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்கிறது, அங்கே மாதிரி வாங்கும் நேரம் எப்போது முடிகிறது என்று தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் செவிலியர் கிராமத்துக்குப் போகும் நேரத்தை வையுங்கள். சனிக்கிழமையும் விடுமுறைக்கு முந்தின நாளும் கல்ச்சர் எடுக்க வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர். பெட்டியில் மல மாதிரியை ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாது. தடுப்பூசி கேரியரையும் இதற்கு எடுக்கக் கூடாது. மலத்துக்கென்று ஒரு கேரியர் ஒதுக்கி, சிவப்பு பெயின்டில் எழுதி வையுங்கள். ஒருமுறை மலம் ஏறிய கேரியர் மறுபடி தடுப்பூசிக்குத் திரும்பக் கூடாது.

பி.சி.ஆர். சேமிப்புக்கு வருவோம். இதன் பயன் பெரிது. மைக்ராஸ்கோப்பில் நோய் உண்டாக்கும் அமீபாவின் சிஸ்ட்டும், அதே உருவத்தில் தீங்கில்லாமல் குடியிருக்கும் எண்டமீபா டிஸ்பாரின் சிஸ்ட்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் வேறு வேறு இனம் என்று 1993-ல்தான் உறுதியானது. பிரித்துச் சொல்ல ஆன்டிஜென் பரிசோதனையோ பி.சி.ஆரோ வேண்டும், இரண்டுக்கும் ஃபார்மலின் படாத மலம் வேண்டும். வேலூரும் ஒரு களமாக இருந்த மால்-எட் என்ற பன்னாட்டு ஆய்வு, பேதியே இல்லாத குழந்தைகளின் மலத்திலும் கிருமி இருந்ததையும் அது வளர்ச்சியைப் பாதித்ததையும் காட்டியது. மாதக்கணக்கில் ஒழுங்காகச் சேமித்த மலம் இல்லாமல் இப்படி ஒரு முடிவுக்கு வந்திருக்கவே முடியாது.

மலத்தை நன்றாகக் கலக்கி, ஒரு குப்பிக்குச் சுமார் 200 மி.கிராம் வீதம் மூன்று, நான்கு குப்பிகளில் போடுங்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் கிட்டுகள் பெரும்பாலும் கேட்பது அந்த அளவுதான். ஒரே குப்பியில் மொத்தமாக வைத்தால் ஒவ்வொரு பரிசோதனைக்கும் உருக்கி உறைய வைக்க நேரும். ஒவ்வொரு தடவையும் டி.என்.ஏ. கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். புழுவுக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிக்கும் மைனஸ் 20 டிகிரி போதும். வைரஸைப் பார்ப்பதாக இருந்தால் நெடுங்காலத்துக்கு மைனஸ் 70 அல்லது அதற்கும் கீழே வேண்டும், அதாவது வாரக் கடைசிக்குள் பெரிய ஆய்வகத்துக்குப் போய்விட வேண்டும். உங்கள் ஃப்ரிட்ஜ் பனி கட்டாத வகையாக இருந்தால் அதன் ஃப்ரீசர் இதற்கு ஆகாது. பனியைக் கரைக்க அது தானாகவே அவ்வப்போது சூடாகி மறுபடி குளிர்கிறது, மின்வெட்டு வேறு.

நம்பகமான ஃப்ரீசர் இல்லையென்றால் 95 சதவீத எத்தனால்தான் கடற்கரை வேலைக்கு ஏற்றது. ஒரு பங்கு மலத்துக்கு நான்கு பங்கு, நன்றாகக் கரைத்து, மூடியைச் சுற்றி பாராஃபிலிம் ஒட்டி நிழலில் வைக்கலாம். ஃப்ரிட்ஜில் இருந்தால் இன்னும் நல்லது. காயத்துக்குத் துடைக்கிற 70 சதவீத ஸ்பிரிட்டும் கைக்குப் போடும் சானிடைசரும் இதற்கு மாற்று அல்ல. மலத்தில் உள்ள தண்ணீரே ஆல்கஹாலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால்தான் 95 கேட்கிறோம். ஆவியாகி அளவு குறைகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். எளிதில் தீப்பிடிக்கும், பஸ்ஸில் ஏற்றக் கூடாது, திட்டத்து வண்டியில் போகட்டும். 2.5 சதவீத பொட்டாசியம் டைக்ரோமேட்டும் டி.என்.ஏ.வை நன்றாகக் காக்கும், ஆனால் அது கடும் நச்சு. கிராமத்துப் பையில் அதைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஆராய்ச்சிக்காகச் சேமிக்கிற ஒவ்வொரு மலத்துக்கும் பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், குப்பியில் பெயருக்குப் பதில் எண் இருக்க வேண்டும். அந்த எண் பட்டியலைத் திட்டத்தார் முதலில் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

ஆன்டிஜென் கிட் வாங்கினால் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படியுங்கள். ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் கிட்டுகள் பலவற்றில் ஃபார்மலின் மலம் ஏற்கப்படும், அமீபா கிட்டில் பொதுவாக ஏற்கப்படாது.

படிவத்தில் மூன்று தேதிகளைச் சேருங்கள். கடைசியாக அல்பெண்டசோல் மாத்திரை கொடுத்தது எப்போது, ஆன்டிபயாட்டிக் எப்போது, ரோட்டா சொட்டு மருந்து எப்போது. குடற்புழு நீக்க நாள் முடிந்த மறுவாரம் எடுத்த மலத்தில் முட்டை இல்லாததை வைத்து ஊரில் புழுவே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. மருந்து வேலை செய்ததா என்று பார்க்க 14 முதல் 21 நாள் கழித்து எடுக்க வேண்டும். ரோட்டா சொட்டு மருந்து கொடுத்த சில நாட்களில் தடுப்பூசி வைரஸே மலத்தில் வரும், அது நோய் அல்ல. ஜியார்டியா சிஸ்ட் ஒருநாள் வரும், இரண்டு நாள் வராது. சந்தேகம் பலமாக இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாளாக, 10 நாளுக்குள் மூன்று மாதிரி கேளுங்கள்.

அறிக்கையில் ‘இல்லை’ என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். ‘போன நேரம் 6.00, பார்த்த நேரம் 1.00, நீர்மலம், டிரோபோசாய்ட் தேடத் தகுதியற்றது, முட்டை மற்றும் சிஸ்ட் தென்படவில்லை’ என்று எழுதுங்கள். அப்போது டாக்டர் அந்த வெற்று முடிவை நம்பி மருந்தை நிறுத்த மாட்டார், குழந்தையை ஆய்வகத்துக்கே வரவழைத்துப் புதிய மலம் எடுக்கச் சொல்வார். ரத்தபேதிக் குழந்தைக்கு அதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி.

இரவில் ஆசனவாய் அரிக்கிறது என்று வருகிற குழந்தைக்கு மலமே வேண்டாம். நூல்புழு முட்டையை வெளித்தோலில் இடுகிறது. காலையில் கழுவும் முன் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து ஸ்லைடில் பதித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ துவண்டு, போலியோ கண்காணிப்புக்காக மலம் எடுக்க நேர்ந்தால் மேலே சொன்ன பங்கு பிரிப்பு எதுவும் பொருந்தாது. முடக்கம் தொடங்கிய 14 நாளுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி, ஒவ்வொன்றும் 8 கிராம். ஃபார்மலினும் வேண்டாம், ஆல்கஹாலும் வேண்டாம், வேறெந்த ஊடகமும் வேண்டாம். அதற்கென்றே உள்ள கேரியரில், உறைந்த ஐஸ் பேக்குகளுக்கு நடுவே 2 முதல் 8 டிகிரியில் 3 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த டப்பாவை உங்கள் மேஜையில் திறக்கவே வேண்டாம், வந்தது வந்தபடி மேலே அனுப்பிவிடுங்கள்.